வெற்றிடத்தில் உராய்வு

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சாம்பெயின் நகரில் இயங்கிவந்த கேம் நிறுவனம் வொலிஷன். 2002 ஏப்ரல் 25 அன்று அது தன்னுடைய ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ என்ற விண்போர் விளையாட்டின் மூல நிரலைப் பொதுவில் வைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், கூட்டிக் கட்டலாம். விற்றுக் காசு பார்க்க மட்டும் கூடாது. கப்பல்களின் முப்பரிமாண மாதிரிகள், குரல்கள், இசை, மிஷன்கள் எதுவும் அந்த நிரலோடு வரவில்லை. அவை வேண்டுமென்றால் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும்.

ஃப்ரீஸ்பேஸ் 2 வந்தது 1999-இல். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை ஏமாற்றியது. கபெல்லா நட்சத்திரம் வெடித்துச் சிதறுவதோடு கதை நின்றுவிட்டது. பகைவர்கள் ஏன் அதை வெடிக்கவைத்தார்கள் என்பதற்கு விளையாட்டில் விடை கிடையாது. மூன்றாம் பாகம் வரவேயில்லை. நிரல் கைக்கு வந்ததும் ரசிகர்கள் சிலர் ‘ஃப்ரீஸ்பேஸ் 2 சோர்ஸ் கோட் ப்ராஜெக்ட்’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். சம்பளம் இல்லாமல், வேலை நேரம் போக மிச்சமிருக்கும் பொழுதில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பணி நடந்துவருகிறது. விளையாட்டை இயக்கும் அந்த நிரலை, அதாவது எஞ்சினை, அடித்தளமாக வைத்து வேறு பல குழுக்கள் தங்களுடைய சொந்த விண்போர் விளையாட்டுகளைக் கட்டியிருக்கின்றன.

இப்படிப்பட்ட ரசிகர் விளையாட்டு எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று கேட்டால் முதலில் நம் முன் வைக்கப்படுவது படங்கள்தான். புதிதாக வரைந்த போர்க்கப்பல், அதன் உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம், நெபுலாவின் நிறங்கள். உழைப்பு அதிலும் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு விண்போர் விளையாட்டு உயிரோடு இருக்கிறதா என்பதை வேறு மூன்று இடங்களில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கப்பல் எப்படித் திரும்புகிறது? குண்டு எப்படிப் படுகிறது? இருபது வருடத்துக்கு முன் யாரோ செய்த மிஷன் இன்றைய எஞ்சினில் மாறாமல் ஓடுகிறதா? இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியாத கணக்கு. அந்தக் கணக்கில்தான் இந்த ரசிகர்களின் உண்மையான சாதனை இருக்கிறது.

முதலில் கப்பல். விண்வெளியில் காற்று இல்லை. எஞ்சினை நிறுத்தினாலும் கலம் அதே வேகத்தில், அதே திசையில் போய்க்கொண்டே இருக்கும். மூக்கை வேறு பக்கம் திருப்பலாம், பாதை திரும்பாது. பாதை மாற வேண்டுமென்றால் எதிர்த்திசையில் உந்துவிசை கொடுத்துப் பழைய வேகத்தைக் கரைக்க வேண்டும். பவுடர் போடாத கேரம் பலகையில் காய் சீக்கிரம் நின்றுவிடும், போட்டால் வெகுதூரம் வழுக்கும். உராய்வே இல்லாத பலகையைக் கற்பனை செய்துகொண்டால் அதுதான் விண்வெளி. உலகின் மிகப் பழைய கணினி விளையாட்டுகளில் ஒன்றான ‘ஸ்பேஸ்வார்’ இதைச் சரியாகவே செய்தது. 1962-இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி.-1 கணினியில் எழுதிய அந்த விளையாட்டில் நடுவே ஒரு நட்சத்திரம் ஈர்த்துக்கொண்டிருக்கும். இரண்டு கலங்களும் நியூட்டனின் விதிப்படி மிதந்து, வளைந்து, ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும்.

பிறகு வந்த விண்போர் விளையாட்டுகளில் பெரும்பாலானவை நியூட்டனைக் கைவிட்டதற்கு ஒரு திரைப்படத்துக்கும் பங்கு உண்டு. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் இறுதிப் போரை அமைக்கும்போது ஜார்ஜ் லூகாஸ் பழைய போர்ப் படங்களின் விமானச் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டி மாதிரியாக வைத்துக்கொண்டார். விண்கலங்கள் விமானம்போல் சாய்ந்து திரும்பின. பார்த்தவர்கள் மனத்தில் விண்போர் என்றால் அதுதான் என்று பதிந்துவிட்டது. இன்னொரு காரணம் உடல் சார்ந்தது. உண்மையான விண்வெளி வேகங்களில் நேருக்கு நேர் சண்டை நடக்கவே முடியாது.

கணக்கைப் பாருங்கள். பூமியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர். அந்த அளவு வேக வித்தியாசத்தில் எதிரி உங்களைக் கடந்துபோனால் 600 மீட்டர் தூரத்தை 0.08 வினாடியில் தாண்டிவிடுவான். மனிதக் கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அசைய 0.2 வினாடியாவது ஆகும். அவனைத் துரத்த உங்கள் கலம் அந்த வேக வித்தியாசத்தைத் துடைக்க வேண்டுமென்றால், உடல் தாங்கக்கூடிய 3 ஜி முடுக்கத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் அவன் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போயிருப்பான்.

1993-இல் டேவிட் பிரேபனின் ‘ஃபிரான்டியர்: எலீட் 2’ துணிந்து நியூட்டன் இயக்கத்தை வைத்தது. நட்சத்திர மண்டலங்கள் மெய்யான அளவில் விரிந்தன. பயணம் அற்புதமாக இருந்தது. சண்டை மட்டும் சோபிக்கவில்லை. இரண்டு கலங்கள் ஒன்றை நோக்கி ஒன்று பாய்ந்து, சுட்டு, கடந்து, வெகுதூரம் போய், மறுபடி திரும்பிவந்து பாயும். ஃப்ரீஸ்பேஸ் எதிர்ப்பக்கத்தில் நின்றது. அதில் பெரும்பாலான போர்க்கலங்களின் சாதாரண வேகம் வினாடிக்கு 100 மீட்டருக்குள்தான். 80 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 288 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. எதிர்கால விண்கலம் 1940-இன் விமானத்தைவிட மெதுவாகப் போகிறது! அதனால்தான் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள ‘கொலோசஸ்’ கப்பலின் பக்கவாட்டில் பறக்கும்போது அது முடிவே இல்லாததுபோல் தோன்றுகிறது. 80 மீட்டர் வேகத்தில் அதைத் தாண்ட 75 வினாடி ஆகும். பிரம்மாண்டம் என்ற உணர்ச்சி அந்த 75 வினாடியில் இருக்கிறது.

இந்த விமானத்தனத்தை நிரல் எப்படி உண்டாக்குகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். வொலிஷன் எழுதிய இயற்பியல் பகுதியில் மிகச் சிறிய ஒரு துணைநிரல் இருக்கிறது. கலத்தின் இப்போதைய வேகம், கலம் விரும்பும் வேகம், தணிப்பு மாறிலி, கடந்துபோன நேரம் ஆகிய நான்கையும் வாங்கிக்கொண்டு புதிய வேகத்தையும் நகர்ந்த தூரத்தையும் திருப்பித் தரும். விரும்பும் வேகத்துக்கும் இப்போதைய வேகத்துக்கும் உள்ள இடைவெளி அடுக்குக்குறி முறையில் தேயும். தேய்வுக்கு அடிமானம் இயல்மடக்கையின் 2.718. தணிப்பு மாறிலி 1 வினாடி, நின்ற நிலையிலிருந்து 80 மீட்டர் வேகத்தை விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வினாடி முடிவில் வேகம் 50.6. இரண்டாம் வினாடியில் 69. மூன்றாம் வினாடியில் 76. தொடக்கத்தில் பாய்ந்து பிடித்து, போகப்போக மெல்ல நெருங்கும். வண்டிக்குக் கனம் இருக்கிறது என்று கைக்குத் தெரியும்.

இதே சமன்பாடு மூன்று இடங்களில் தனித்தனி மாறிலியோடு வேலை செய்கிறது: முன்னோக்கிய வேகத்துக்கு ஒன்று, மூக்கு திரும்புவதற்கு ஒன்று, பக்கவாட்டுச் சறுக்கலுக்கு ஒன்று. கடைசியாகச் சொன்னதில்தான் நுட்பம் இருக்கிறது. கலத்தின் விருப்ப வேகம் எப்போதும் மூக்கு நோக்கும் திசையிலேயே இருக்கிறது. நீங்கள் சட்டென்று வலப்பக்கம் திரும்பினால் பழைய வேகத்தின் பெரும்பகுதி இப்போது பக்கவாட்டு வேகமாகிவிடும். பக்கவாட்டில் விருப்ப வேகம் பூஜ்யம் என்பதால் அது மெல்லத் தேய்கிறது. அந்த மாறிலியை மிகச் சிறிதாக்கினால் கலம் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் மூக்கின் பின்னாலேயே போகும். சற்றுக் கூட்டினால் திருப்பத்தில் வழுக்கும். எல்லையில்லாமல் கூட்டினால் பழைய வேகம் தேயவே தேயாது. கலம் நியூட்டனிடம் போய்ச் சேர்ந்துவிடும். வெற்றிடத்தில் இல்லாத உராய்வை இந்த ஒற்றை எண் கொண்டுவருகிறது. ஸ்பிட்ஃபயருக்கும் ஸ்பேஸ்வாருக்கும் நடுவே எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாக அமைக்கலாம்.

அடுக்குக்குறிச் சார்பு எதற்கு, ஒவ்வொரு ப்ரேமிலும் இடைவெளியில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே வந்தால் போதாதா என்று நிரல் எழுதிப் பழகியவர்கள் கேட்கக்கூடும். திரையில் வினாடிக்கு எத்தனை ப்ரேம்கள் வரைகிறோம் என்பது கணினிக்குக் கணினி மாறும். அந்த எளிய முறையில், மேலே சொன்ன அதே கப்பல் வினாடிக்கு 10 ப்ரேம் ஓடும் கணினியில் முதல் வினாடி முடிவில் 52.1 மீட்டர் வேகத்தில் இருக்கும். 60 ப்ரேம் ஓடும் கணினியில் 50.8. ஒரே கப்பல், இரண்டு கணினிகளில் இரண்டு விதமாகப் பறக்கும். தணிப்பு மாறிலி 0.2 வினாடி உள்ள ஒரு திருப்பத்தின்போது கணினி அரை வினாடி திணறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எளிய முறை இடைவெளியைப்போல் இரண்டரை மடங்கைக் கழித்துவிடும். கலம் இலக்கைத் தாண்டிப் போய், திரும்பி, அதைவிட அதிகமாகத் தாண்டி, பித்துப் பிடித்ததுபோல் ஊசலாடும். வொலிஷன் நிரலர்கள் வகைக்கெழுச் சமன்பாட்டின் துல்லியமான தீர்வையே நேரடியாக எழுதிவைத்தார்கள். கடந்த நேரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பிசகாது. 1999-இன் கணினிக்கு எழுதிய சில வரிகள், வினாடிக்கு 144 ப்ரேம் காட்டும் இன்றைய திரையிலும் அதே பறத்தலைத் தருகின்றன. இந்த எஞ்சின் இத்தனை காலம் தாங்கி நிற்பதற்கு அந்த வரிகள் ஒரு பெரிய காரணம்.

அடுத்தது குண்டு. உண்மையான லேசர் ஒளியின் வேகத்தில் போகும். 600 மீட்டரை ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கில் கடந்துவிடும். குறி வைத்தால் பட்டுவிடும், விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். எனவே விளையாட்டில் ஒளிக்குண்டு ஊர்ந்து போகிறது. வினாடிக்கு 450 மீட்டர் என்று கொள்வோம். எதிரி 600 மீட்டர் தொலைவில், உங்களுக்குக் குறுக்கே வினாடிக்கு 80 மீட்டரில் பறக்கிறான். அவன் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டால் குண்டு போய்ச் சேரும்போது அவன் அங்கே இருக்க மாட்டான். குண்டு கடக்கும் தூரமும் அவன் போகும் பாதையும் சந்திக்கும் கணத்தை ஓர் இருபடிச் சமன்பாடு தருகிறது. இந்தச் சந்தர்ப்பத்தில் அது 1.36 வினாடி. அதாவது அவனுக்கு 108 மீட்டர் முன்னால் சுட வேண்டும். திரையில் எதிரிக்கு முன்னே மிதந்துகொண்டிருக்கும் அந்தச் சிறு குறி இந்தச் சமன்பாட்டின் விடைதான். பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாடு ஒவ்வொரு ப்ரேமிலும் தீர்க்கப்படுகிறது. எதிரி குண்டைவிட வேகமாக விலகி ஓடினால் சமன்பாட்டுக்கு நேர்மறைத் தீர்வு இருக்காது, சுட்டுப் பயனில்லை.

குண்டு சரியாகப் போனாலும் படுமா என்பது வேறு கேள்வி. வினாடிக்கு 30 ப்ரேம் என்றால் ஒரு ப்ரேமுக்கும் அடுத்த ப்ரேமுக்கும் இடையில் அந்தக் குண்டு 15 மீட்டர் தாவுகிறது. ஒரு சிறு போர்க்கலத்தின் இறக்கை இரண்டு மூன்று மீட்டர் தடிமன்கூட இருக்காது. ஒரு ப்ரேமில் இறக்கைக்கு இந்தப் பக்கம், அடுத்த ப்ரேமில் அந்தப் பக்கம். தொட்டதாகவே கணினிக்குத் தெரியாது. ஆகவே குண்டை ஒரு புள்ளியாகப் பார்க்காமல், முன்பிருந்த இடத்தையும் இப்போதிருக்கும் இடத்தையும் இணைக்கும் கோடாகப் பார்த்து, அந்தக் கோடு கப்பலின் உருவத்தைக் கட்டியிருக்கும் முக்கோணங்களில் எதையாவது வெட்டுகிறதா என்று சோதிக்கிறார்கள். ஐம்பதாயிரம் முக்கோணங்கள் கொண்ட கப்பலில் ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரம் இல்லை. கப்பலின் வடிவத்தை இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டே போகும் மரம்போன்ற அமைப்பு மாதிரிக் கோப்பிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிளையிலும் பாதி கழியும். பதினாறு, பதினேழு படிகளில் தேட வேண்டிய இடம் கைக்குள் வந்துவிடும்.

ரசிகர்கள் கைவைக்க வேண்டியிருந்தது இதற்கும் முந்தைய படியில். எந்தப் பொருளை எந்தப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? நாற்பது கலங்கள், முந்நூறு குண்டுகள், நூறு சிதறல் துண்டுகள் பறக்கும் சண்டையில் 440 பொருள்கள். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் 96,580 ஜோடிகள். வினாடிக்கு 60 ப்ரேம் என்றால் ஏறத்தாழ 58 லட்சம் ஒப்பீடுகள். பொருள்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் ஒப்பீடுகள் நான்கு மடங்காகும். ரசிகர்கள் செய்யும் மிஷன்களோ மூலத்தைவிடப் பல மடங்கு பெரியவை. சோர்ஸ் கோட் ப்ராஜெக்ட் நிரலர்கள் வரிசைப்படுத்தும் முறைக்கு மாறினார்கள். எல்லாப் பொருள்களையும் ஓர் அச்சின் மீது அவை தொடங்கும், முடியும் இடங்களை வைத்து வரிசையாக நிறுத்த வேண்டும். அந்த அச்சில் ஒன்றின் மேல் ஒன்று விழாத இரண்டு பொருள்கள் மோத வாய்ப்பே இல்லை, விட்டுவிடலாம். மிஞ்சியவற்றை மற்ற இரண்டு அச்சுகளிலும் அப்படியே சலிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்த ஜோடிகள் சில பத்துகளாகச் சுருங்கும். திரையில் படமாகக் காட்ட இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த மாற்றம் இல்லாமல் பிற்காலத்து ரசிகர் மிஷன்கள் பலவற்றை யாரும் விளையாடியிருக்க முடியாது.

இடம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதும் கணக்கால் முடிவாகிறது. பெரும்பாலான விளையாட்டுகள் இருப்பிடத்தை 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக வைக்கின்றன. அதில் ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியம் கிடைக்கும். மையத்திலிருந்து 100 கிலோமீட்டரில் இரண்டு அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே 8 மில்லிமீட்டர் இடைவெளி, பரவாயில்லை. 10,000 கிலோமீட்டரில் அது 1 மீட்டராகிவிடும்; கலம் நடுங்கி நடுங்கி நகரும். நிலவின் தூரத்தில் 32 மீட்டர். பூமியிலிருந்து சூரியன் இருக்கும் தூரத்தில் 16 கிலோமீட்டர். அங்கே ஒரு கலத்தை நிறுத்தினால் அதன் மூக்கும் வாலும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். ஃப்ரீஸ்பேஸ் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. அதன் கதையில் கப்பல்கள் துணைவெளி வழியாகத் தாவி வருகின்றன. நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த ஒரு களத்தில் தோன்றி, சண்டையிட்டு, மறுபடி தாவிப் போய்விடுகின்றன. கதாசிரியரின் கற்பனை நிரலரின் எண்களைக் காப்பாற்றுகிறது. ஃபிரான்டியரின் வழியில் ரசிகர்கள் கட்டிவரும் ‘பயனியர்’ என்ற திறந்த மூல விளையாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. முழு நட்சத்திர மண்டலங்களும் மெய்யளவில் வேண்டும். அவர்கள் 64 பிட் எண்களைப் பயன்படுத்துகிறார்கள்; சூரியத் தொலைவிலும் இடைவெளி மில்லிமீட்டரின் நூறில் மூன்று பங்குதான். அதோடு கோளுக்குத் தனியாக, நிலையத்துக்குத் தனியாக ஓர் ஆயச் சட்டகம் வைத்து, அருகில் இருக்கும் சட்டகத்தை மையமாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள்.

படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999-இல் அன்றைய வரைகலை இடைமுகங்களான கிளைடு, டைரக்ட் 3டி வழியாக வரைந்த எஞ்சின் இன்று ஓப்பன் ஜி.எல். வழியாக வரைகிறது. நிழல், ஒளிர்வு, உலோகத்தின் சொரசொரப்பைக் காட்டும் ஒளிக்கணக்கு எல்லாம் சேர்ந்துவிட்டன. பழைய கப்பல்களைப் புதிய நுணுக்கத்தோடு மறுபடி வரைந்த தொகுப்பும் உண்டு.

இந்தப் பணியில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. மூல விளையாட்டில் பிழைகள் இருந்தன. நின்றுகொண்டிருக்கும் இலக்கின் மீது கணினி ஓட்டும் கலம் போய் மோதும்படி ஒரு பிழை. வெப்பத்தைத் தேடிப்போகும் ஏவுகணை, கண்ணில் படாத மறைகலத்தை நடத்தும் விதத்தில் ஒரு பிழை. திருத்திவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தோன்றும். மிஷன் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது. ‘ஃப்ரெட்’ என்ற கருவியில் மிஷன் வடிவமைப்பாளர் நிகழ்வுகளை நிபந்தனை மரமாக அடுக்குகிறார்: இந்தக் கலம் அழிந்து இத்தனை வினாடி ஆனதும் அந்த அணி வரட்டும், அந்த அணியில் பாதி விழுந்ததும் இந்தக் குரல் ஒலிக்கட்டும். லிஸ்ப் மொழியின் அடைப்புக்குறிக் கூடுகளைப்போல் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கட்டளைகள். அவர் தன் மிஷனை நூறு முறை ஓட்டிப் பார்த்து, எதிரி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறான் என்று அனுபவத்தில் அறிந்து அந்த வினாடிகளை நிரப்பியிருக்கிறார். எதிரியின் மூளையில் இருந்த பிழையும் அந்த வினாடிகளுக்குள் கலந்திருக்கிறது. பிழையைத் திருத்தினால் எதிரி கொஞ்சம் கெட்டிக்காரன் ஆவான். காப்பாற்ற வேண்டிய கப்பல் பத்து வினாடி முன்னதாக விழும். மிஷனை ஜெயிக்கவே முடியாமல் போகும். அதைச் செய்தவர் பதினைந்து வருடங்களுக்கு முன்பே இந்தப் பக்கம் வருவதை நிறுத்தியிருப்பார். வந்து திருத்திக் கொடுக்க யாரும் இல்லை.

ஆகவே திருத்தங்கள் ஒரு தனிக் கோப்பில் திறக்கவோ மூடவோ கூடிய சொடுக்கிகளாக வைக்கப்பட்டன. ஒவ்வொரு பழைய பிழைக்கும் ஒரு பெயர், ஒரு சொடுக்கி. சொடுக்கியைத் தொடாத மிஷன் தொகுப்புக்கு எஞ்சின் 1999-இன் பிழையோடேயே நடந்துகொள்ளும். புதிதாகத் தொடங்குபவர் வேண்டியதைத் திறந்துகொள்ளலாம். தன் தொகுப்பு எஞ்சினின் எந்தப் பதிப்பைக் குறிவைத்து எழுதப்பட்டது என்று அறிவிக்கவும் வழி இருக்கிறது. லாபத்துக்காக இயங்கும் நிறுவனம் எதுவும் இவ்வளவு பொறுமையாக இதைச் செய்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பழைய விளையாட்டு ஒன்றின் பிழைகளைப் பாதுகாக்க யார் சம்பளம் கொடுப்பார்கள்? முன்பு உழைத்தவரின் வேலையைக் கலைக்கக் கூடாது என்ற மரியாதை அந்தச் சொடுக்கிகளில் இருக்கிறது. அதன் பயனும் கண்கூடு. 2010-இல் வந்த ‘ப்ளூ பிளானட்: வார் இன் ஹெவன்’ போன்ற ரசிகர் கதைத் தொகுப்புகளை இன்றும் விளையாட முடிகிறது. அதன் கதையில் பங்காற்றிய சேத் டிக்கின்சன் பின்னாளில் அமெரிக்காவில் கவனிக்கப்பட்ட நாவலாசிரியர் ஆனார்.

எஞ்சின் ஒன்றாக இருந்தாலும் அதன் மீது கட்டும் விளையாட்டுகள் எளிதில் எழும்புவதில்லை. ‘விங் கமாண்டர் சாகா: தி டார்க்கஸ்ட் டான்’ 2012 மார்ச் 22 அன்று வெளிவந்தது, அதற்குப் பின்னால் ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பு. ஐம்பதுக்கும் மேற்பட்ட மிஷன்கள், எல்லாவற்றுக்கும் குரல் நடிப்பு, முற்றிலும் இலவசம். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் தொடங்கிய ‘பியாண்ட் தி ரெட் லைன்’ 2007-இல் ஒரு மாதிரிப் பதிப்பை வெளியிட்டு நல்ல பெயர் வாங்கியது. பிறகு குழு உடைந்தது. உருவாக்குநர்களில் பெரும்பாலோர் வெளியேறி ‘டயாஸ்போரா’ என்று புதிதாகத் தொடங்கினார்கள். அந்த விளையாட்டு 2012 செப்டம்பரில் வந்தது. பிடித்ததைச் செய்ய வந்தவர்கள் கருத்து வேறுபட்டால் கட்டிப்போட எந்த ஒப்பந்தமும் கிடையாது. போகிறவர்கள் தங்கள் உழைப்போடு போய்விடுவார்கள். ரசிகர் விளையாட்டுகள் பல பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். டயாஸ்போரா மறுபடி எழுந்ததற்கு அடியில் எஞ்சின் பொதுச்சொத்தாக இருந்தது உதவியது.

டயாஸ்போராவுக்கு ஒரு தனித் தேவையும் இருந்தது. அந்தத் தொடரில் வைப்பர் என்ற போர்க்கலங்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே மிதந்தபடி மூக்கை மட்டும் பின்னால் திருப்பித் துரத்துபவனைச் சுடும். ஃப்ரீஸ்பேஸின் தணிப்புச் சமன்பாடு அதற்கு இடம் தராது. மூக்கைத் திருப்பிய கணமே பழைய வேகம் தேயத் தொடங்கிவிடும். ‘கிளைடு’ என்ற வசதி சோர்ஸ் கோட் ப்ராஜெக்டில் சேர்ந்தது இந்த மாதிரித் தேவைகளுக்காகத்தான். விசையை அழுத்தியதும், விருப்ப வேகத்தை மூக்கின் திசையிலிருந்து விடுவித்து, இப்போதைய வேகத்தையே விருப்பமாக வைத்துவிட வேண்டும். இடைவெளி பூஜ்யமானால் தேய எதுவும் இல்லை. கலம் மிதக்கும். உராய்வை நீக்க இயற்பியலைத் திருப்பி எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சிக்கல் எதிரியின் மூளையில் வந்தது. கணினி ஓட்டும் கலங்கள் விமானம்போல் துரத்தவும் தப்பிக்கவும் மட்டுமே அறிந்தவை. மனிதன் மிதந்து திரும்பிச் சுட, எதிரி விமானத்தனமாகவே வளைந்துகொண்டிருந்தால் சண்டை ஒருபக்கமாகிவிடும். ஆகவே எதிரிக்கும் மிதக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இலக்கை நோக்கிப் பாய்ந்து, எஞ்சினை விட்டு, மிதந்தபடி மூக்கை இலக்கின் மீதே வைத்துச் சுட்டுக்கொண்டு கடந்துபோவது ஒரு வகை. பெரிய கப்பலின் பக்கவாட்டில் மிதந்து, அதன் நீளம் முழுக்கச் சுட்டுக்கொண்டே நகர்வது இன்னொரு வகை. இவற்றை எத்தனை முறைக்கு ஒருமுறை முயல வேண்டும் என்பது சதவீதமாக எழுதப்படுகிறது. அந்தச் சதவீதத்தை எங்கும் எழுதாமல் விட்டால் எஞ்சின் அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும்; 1999-இல் செய்த மிஷனில் எதிரி ஒருபோதும் மிதக்க மாட்டான்.